பழைய காரும் புதிய கியர்ப்பெட்டியும்

ஊர்காவற்றுறையில் முன்னர் என்னிடம் கல்வி கற்ற மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என் இல்லம் தேடி வந்தார். போர்க்காலத்தில் கண்ணிவெடியில் அகப்பட்டு, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர் அவர். யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கப்பெற்ற ஜெய்ப்பூர் நிலையத்திற் பெற்ற செயற்கைக் காலுடன் நடமாடுகின்றார். தந்தையார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் கார் ஒன்று அவர் வீட்டு முற்றத்தில் நிற்கிறது.

"சேர், இந்தக் காலால் கிளச்சை மிதிக்கலாம். ஆனால் அது எவ்விடத்திற் பிடிக்கிறது என்று தெரியவில்லை. கியர்ப்பெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டோமற்றிக் பெட்டி பூட்டலாமோ?" என்று கேட்டார்.

நான் கலைப் பட்டதாரி. பற்சில்லுகளோடு எனக்குள்ள உறவு மிதிவண்டியளவில் நின்றுவிட்டது. ஆயினும் கேள்வி நியாயமானதாகையால், பட்டறைகளில் விசாரித்தும் நூல்களைப் புரட்டியும் அறிந்துகொண்டவற்றை இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

அவருடைய இடர்ப்பாடு யாது? ஓடும் எஞ்சினையும் நிற்கும் சில்லுகளையும் சிறிது சிறிதாக இணைப்பது கிளச்சு. அது பிடிக்கத் தொடங்கும் கணத்தைப் பாதம் உணர வேண்டும். செயற்கைக் காலுக்கு அழுத்தத் தெரியும், உணரத் தெரியாது.

ஓட்டோமற்றிக் பெட்டியில் இவ்வேலையை எண்ணெய் செய்கிறது. இதன் மூலக் கருத்து காருக்காகப் பிறந்ததன்று, கப்பலுக்காகப் பிறந்தது என்பது கடல் சூழ்ந்த தீவாருக்குச் சுவையான செய்தி. நீராவிச் சுழலி மிக விரைந்து சுழலும். கப்பலின் உந்துவிசிறியோ ஆறுதலாகவே சுழல வேண்டும். இவ்விரண்டையும் இணைக்கும் வழியை ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியியலாளர் ஹேர்மன் ஃபொட்டிங்கர், 1905 இல் திரவத்தின் மூலம் சுழல்விசையைக் கடத்தும் உபாயத்தைக் கண்டார். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதிலாக எண்ணெயையும், விசிறிகளுக்குப் பதிலாக மூடிய கலத்துள் இரு சக்கரங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். இடையே மூன்றாவது சக்கரமொன்று எண்ணெயின் ஓட்டத்தைத் திருப்பிவிட, புறப்படும் வேளையில் சுழல்விசை பெருகுகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கக் கார் நிற்கலாம். மிதிக்கக் கிளச்சு இல்லை. 1939 இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 'ஹைட்ரமற்றிக்' என்ற பெயரில் திரவ இணைப்புக் கொண்ட கியர்ப்பெட்டியைப் பெருந்தொகையாக விற்கத் தொடங்கிற்று.

இனி, நம் மொறிஸ் மைனருக்கு வருவோம். 1948 இல் வெளிவந்த இக்கார், உற்பத்தி நின்ற 1970களின் தொடக்கம் வரை, ஒருபோதும் ஓட்டோமற்றிக் பெட்டியுடன் தொழிற்சாலையை விட்டு வெளிவந்ததில்லை. ஆகவே இதற்கென்றே செய்த பெட்டி எங்கும் கிடையாது. ஜப்பானியக் காரொன்றின் எஞ்சினையும் அதனோடு பொருந்திய பெட்டியையும் சோடியாகவே கொண்டுவந்து இறக்குவதுதான் நடைமுறை. அப்படி இறக்கும்போது, ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்ற நேரிடும். ஓட்டோமற்றிக் பெட்டி பருத்தது; காரின் தரைத்தகட்டின் நடுமேட்டை வெட்டி அகலமாக்க வேண்டும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச்சட்டம் புதிதாக வேண்டும். பின்னச்சுக்குச் செல்லும் தண்டை நீளம் திருத்தி, சமநிலை பார்க்க வேண்டும். இல்லையேல் கார் நடுங்கும். சூடேறும் எண்ணெயைக் குளிர்விக்க றேடியேற்றரோடு தனிக்குழாய்கள் வேண்டும். கியர் பூட்டியிருக்கையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதிருக்க ஒரு மின்னாளி வேண்டும், இதைச் சில பட்டறைகள் வீண் செலவென்று விட்டுவிடுகின்றன, இது பெருந்தவறு. எல்லாவற்றுக்கும் மேலாக, வலுக்கூடிய எஞ்சின் வந்தால் பழைய பிறேக் போதாது.

பணத்தால் தீராத குறையும் ஒன்று உண்டு. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின், யாழ்ப்பாணத்தில் மொறிஸும் ஒஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சிறிதளவு பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பற்றரி செத்துக் கிடந்தாலும், நாலுபேர் கூடித் தள்ளினால் கார் புறப்பட்டது. கிளச்சுள்ள பெட்டியாதலால் அது முடிந்தது. ஓட்டோமற்றிக் பெட்டியில் எண்ணெயை அழுத்தும் பம்பை எஞ்சினே ஓட்டுகிறது. எஞ்சின் நின்றால் அழுத்தமில்லை. அழுத்தமில்லையேல் எத்தனைபேர் தள்ளினாலும் சில்லுகளின் சுழற்சி எஞ்சினைச் சென்றடையாது. அதே காரணத்தால், பண்ணைத் தாம்போதியில் நின்றுவிட்ட காரைக் கயிறு கட்டி யாழ்ப்பாணம்வரை இழுப்பதும் ஆகாது. எண்ணெய் ஓடாமல் உள்ளே தேய்ந்துவிடும். பின்சில்லுகளைத் தூக்கியோ, தண்டைக் கழற்றியோதான் இழுக்க வேண்டும்.

இவற்றைக் கேட்ட மாணவர் மனந்தளரவில்லை. ஓட்டோமற்றிக் கார் ஒன்றையே வாங்கலாமே என்றேன். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறக்கப்பட்டபோதும், விலை தம் கைக்கு எட்டாது என்றார். அது உண்மையே.

இடைவழியொன்றும் உண்டு. பெட்டியைத் தொடாமல், கிளச்சை மட்டும் கைக்கு மாற்றலாம். 1956 இல் ஒஸ்டின் ஏ50 கேம்பிரிட்ஜ் காருக்கு 'மனுமாட்டிக்' என்ற அமைப்பு விற்பனைக்கு வந்தது. கியர்க்கோலைத் தொட்டதும் மின்னாளி வேலைசெய்ய, எஞ்சினின் உறிஞ்சுவிசை கிளச்சை விலக்கும். அக்காலத்தில் அது பெரிதாக எடுபடவில்லை. ஆனால் அதன் தத்துவத்தைப் பின்பற்றி, உறிஞ்சுவிசையாலோ மின்மோட்டராலோ கிளச்சை இயக்குவது, கை தேர்ந்த பட்டறைக்காரருக்கு இயலாத காரியமன்று. தரைத்தகட்டை வெட்ட வேண்டியதில்லை. பற்றரி செத்தால் மற்றொருவர் வழக்கம்போற் கிளச்சை மிதித்துத் தள்ளிப் புறப்படலாம். என் அபிப்பிராயம் இவ்வழிக்கே சார்பானது.

எவ்வழியாயினும், வேலைக்கு முன்னரே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிட வேண்டும். எஞ்சினை மாற்றினால் அதன் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டும். உடற்குறையுள்ள சாரதியின் அனுமதிப்பத்திரமும் அவர் ஓட்டும் வாகனத்தின் அமைப்புக்கு இசைந்திருக்க வேண்டும். இதைச் செய்யாதவர் விபத்தொன்று நேரும்போது காப்புறுதியாரிடம் பேச வாயற்றுப் போவார்.

சென்ற கிழமை அவர் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். காரின் கீழே ஒரு பாயை விரித்து, செயற்கைக் காலைக் கழற்றி அருகில் வைத்துவிட்டு, அளவு நாடாவும் கையுமாகப் படுத்திருந்தார். கிளச்சுத் தண்டு எத்தனை அங்குலம் நகர்கிறது என்று பார்ப்பதாகச் சொன்னார்.