மூக்கு எரிவது எதற்காக?

புது அலமாரி வந்து ஒரு வாரம் ஆச்சு. கதவைத் திறந்தா கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி. மூணாம் நாளே எனக்கு அது பழகிப்போச்சு. பழகிட்டா ஆபத்து போயிடுச்சுன்னு அர்த்தமா? அந்தக் கேள்வியில்தான் படிக்க ஆரம்பித்தேன்.

மரத்தூளைப் பலகையாக்கும் பசையிலிருந்து மெல்லக் கசியும் வாயு, ஃபார்மால்டிஹைடு. நம் உடம்பே இதைக் கொஞ்சம் உண்டாக்குகிறது, அதை அழிக்கும் நொதிகளும் நம்மிடம் உண்டு. சிக்கல், அளவு மீறும்போதுதான்.

1970களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. எலிகளையும் சுண்டெலிகளையும் தினம் 6 மணி நேரம், வாரம் 5 நாள், 2 வருஷம் இதைச் சுவாசிக்க வைத்தார்கள். காற்றில் பத்து லட்சத்துக்கு 14 பங்கு இருந்தபோது, எலிகளில் கிட்டத்தட்ட பாதிக்கு மூக்கில் புற்று வந்தது. 6 பங்குக்குச் சற்றுக் குறைவான அளவில் இரண்டே எலிகளுக்கு. 2 பங்கில் ஒன்றுக்குமில்லை.

ஏன் இப்படித் திடீர்னு ஏறுது? குறைந்த அளவைச் சளிப்படலமும் நொதிகளும் சமாளித்துவிடும். அதைத் தாண்டினால் செல்கள் சாகும். அந்த இடத்தை நிரப்பப் புதிய செல்கள் அவசரமாகப் பிரியும். டிஎன்ஏ-வில் இந்த வாயு உண்டாக்கிய பழுதைச் சரிசெய்ய நேரமில்லாமல் பிரிவதால், பிழை அப்படியே தங்கிவிடுகிறது.

சுண்டெலிகளிலோ, அதே 14 பங்கில் இரண்டுக்கு மட்டும்தான் புற்று! மூக்கு எரிந்ததும் சுண்டெலி மூச்சைக் குறைத்துக்கொள்ளும். அதனால் உள்ளே போன வாயுவும் குறைவு. எரிச்சல்தான் அதைக் காப்பாற்றியது.

ஒவ்வாமைக்கு வருவோம். இது ரொம்பச் சின்ன மூலக்கூறு. நம் புரதத்தில் ஒட்டிக்கொண்டால்தான் நோயெதிர்ப்பு அமைப்பு இதை அந்நியமாகப் பார்க்கும். தோலில் வரும் ஒவ்வாமை அப்படிப்பட்டது. மூச்சுப்பாதையில் இன்னொரு வழியும் இருக்கு. இந்த வாயுவைச் சுவாசித்த கினிப் பன்றிகளுக்கு, பிறகு முட்டை வெள்ளைக்கருப் புரதத்தை மூச்சில் கொடுத்தபோது, அந்தப் புரதத்துக்கே ஒவ்வாமை அதிகம் வந்தது. எரிச்சலில் புண்ணான படலம் மற்றதுக்கும் வழிவிடுகிறது.

மனிதர்களில் மூக்குத் தொண்டைப் புற்றுக்கு இது காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முடிவு செய்தது. வீட்டுக் காற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் 2010இல் வைத்த வரம்பு, கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். கண், மூக்கு எரிச்சலை வைத்துத்தான் அதைக் கணித்தார்கள். எரிச்சலைத் தடுத்தால் புற்றுக்கும் அது போதும் என்பது அவர்கள் கணக்கு.

ஆக, எரிச்சல்தான் முதல் எச்சரிக்கை மணி. மூக்கு பழகிப்போனா மணிச்சத்தம் நமக்குக் கேக்கலை, அவ்வளவுதான். வாயு அங்கேயேதான் இருக்கு. வெயிலிலும் ஈரப்பதத்திலும் இன்னும் அதிகமாகவே கசியும். எங்க வீட்டு ஜன்னல் இப்போ திறந்தே இருக்கு.