ஒட்டுக் கொப்பியும் வீட்டுச் செலவும்

ஒட்டுக் கொப்பி ஒன்று செய்து வருமாறு பாடசாலையில் பணித்திருக்கிறார்கள் என்று பிள்ளை வந்து சொன்ன மாத்திரத்தில், பிலிமத்தலாவையைச் சுற்றி வாழும் பெற்றோர் பலருக்குக் கண்டிப் பட்டணத்துக் கடைகளே நினைவுக்கு வருகின்றன. மட்டையிட்ட பெரிய கொப்பி, வர்ணத்தாள், பிரிஸ்டல் போட், மினுக்குத்தூள், அச்சிட்ட படங்கள், கம் போத்தல் எனப் பட்டியல் நீள்கிறது. 2022 மார்ச் மாதத்தில் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். கடுதாசியின் அருமையை அறிந்த பின்னரும் மினுக்குத்தூளுக்குப் பணம் செலவிடுவானேன்?

கொப்பியை வீட்டிலேயே கட்டலாம். ஆண்டிறுதியில் அப்பியாசக் கொப்பிகளில் எழுதாது எஞ்சும் தாள்களைச் சேர்த்து இரண்டாக மடித்து, மடிப்பில் மூன்று துளையிட்டு, தடித்த நூலால் நடுத்துளையிலிருந்து தைத்தால் போதும். பழைய நாட்காட்டியின் மட்டை அதற்கு நல்ல உறை. ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். படங்கள் ஒட்ட ஒட்டக் கொப்பி வயிறு பருத்து வாய் பிளக்கும். ஆதலால், தைத்தபின் ஒன்றுவிட்டு ஒரு தாளை, தையலருகே ஒரு விரலகலம் விட்டு வெட்டிவிடுக. படங்களின் கனத்துக்கு அவ்வெட்டு இடங்கொடுக்கும்.

இனிப் பசை. கோதுமை மா ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு; முதலில் சிறிது தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதியைச் சேர்த்து, இளந்தீயில் இடையறாது கிண்டினால், வெண்மை மங்கிக் கண்ணாடிபோல் வரும்போது பதம். அக்காலத்துப் புத்தகம் கட்டுவோர் பூச்சிக்கஞ்சித் துருசு கலப்பர். அது நஞ்சு, சிறுவர் கைபடும் பசைக்கு வேண்டாம். இரண்டொரு நாளைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சி, மெல்லியதாகப் பூசுதலே நன்று. தடித்துப் பூசிய மாப்பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து. யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ உறவினர் இருப்பின் விளாம்பிசின் கேட்டுப் பெறலாம். தண்ணீரில் ஊறவைத்தாலே அருமையான கோந்து. செலோடேப்பை மட்டும் அணுகவிடாதீர்கள். சில ஆண்டுகளில் அது பழுத்து உதிர்ந்து, கறையைப் படத்தின்மேல் விட்டுச் செல்லும்.

படங்களுக்குப் பஞ்சமேயில்லை. நாட்காட்டி, தேயிலைப் பெட்டி, திருமண அழைப்பிதழ், கடித உறையின் முத்திரை யாவும் உதவும். முத்திரையைப் பிய்க்காமல் தண்ணீரில் மிதக்கவிட்டால் பெரும்பாலும் தானே கழன்றுவிடும். ஆனால் நூல்நிலையப் புத்தகத்திலும், 1980 முதல் அரசு இலவசமாக வழங்கிவரும் பாடநூல்களிலும் கத்தரிக்கோல் படலாகாது.

பத்திரிகை நறுக்கானால், வெட்டுமுன்னரே பத்திரிகையின் பெயரையும் தேதியையும் ஓரத்தில் எழுதிவிடுக. தேதியற்ற நறுக்கு பாதி பயனை இழந்துவிடுகிறது. 2016 இல் மறைந்த குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் தமிழர் தொடர்பான பத்திரிகை நறுக்குகளை வாழ்நாளெல்லாம் திரட்டினார். நுண்படச் சுருள்களாகவும் பதிந்து வைத்தார். பத்திரிகைத் தாள் நீடித்து நிற்பதன்று. மரக்கூழிலுள்ள லிக்னின் என்னும் பொருள் அதில் நீங்காதிருப்பதால் வெயில்பட்டதும் மஞ்சளாகி நொறுங்கிப்போகும்.

வாங்கவேண்டிய படங்களையும் வாங்காதிருக்க வழியுண்டு. பிலிமத்தலாவைக்கு அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரை 1344 இல் கட்டப்பட்டது. அதை அமைத்தவர் கணேஸ்வராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பி. எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களிலோ மல்லர்களும் இருதலைப் பறவையும் செதுக்கப்பட்டுள்ளன. ஒரு விடுமுறை நாளில் பென்சிலோடு சென்று மாணவர் தாமே வரைந்து வரும் படம், கடைப் படத்தைவிடக் கோணலாக இருக்கலாம். இருக்கட்டுமே! ஆசிரியர்களும் பளபளப்புக்குப் புள்ளி வழங்குவதை நிறுத்தினால், தோட்டத்துப் பிள்ளையின் கொப்பியும் பட்டணத்துப் பிள்ளையின் கொப்பியும் ஒரே தராசில் நிறுக்கப்படும்.

ஒட்டி முடிந்த பக்கங்களுக்கிடையே வெற்றுத்தாள் வைத்து, மேலே பாரமேற்றி ஓரிரவு விட்டால் சுருங்காமல் காயும். நம் மலைநாட்டு மழைக்காலத்தில் கொப்பியை வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றோடும் உட்புறத் தட்டே அதற்குரிய இடம். மழை விட்ட நாட்களில் நிழலில் விரித்து ஆறவிடலாம்.