வீதியிலே பிறந்த பாடத்திட்டம்

வீதியில் ஒருவர் அடிபட்டு வீழ்கிறார். அவரை வைத்தியசாலைக்கு எடுத்துச்செல்லப் பிரேதவண்டி வந்து நிற்கிறது! செல்வத்திற் சிறந்த அமெரிக்க நாட்டில் 1960ஆம் ஆண்டுகளில் இருந்த நிலை இதுவென்றால் எம் வாசகரிற் பலர் நம்பத் தயங்குவர். ஆயினும் அந்நாட்டு விஞ்ஞானக் கழகம் 1966இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இது காணப்படுகின்றது. அம்புலன்ஸ் சேவைகளுட் பாதியளவை நடத்தியோர் மரணச் சடங்கு நடத்தும் தொழிலினர். ஒருவரைப் படுத்தபடியே ஏற்றிச்செல்லத்தக்க வண்டி அவர்களிடம் இருந்தது, அதுவே காரணம்.

1965இல் மட்டும் அங்கு 107,000 பேர் விபத்துகளால் மாண்டனர். அவர்களுள் 49,000 பேர் மோட்டார் வாகனங்களுக்கு இரையானோர். போர்க்களத்திற் காயமுற்ற சிப்பாய் பிழைப்பதற்குள்ள வாய்ப்புக்கூட நகர வீதியில் வீழ்ந்தவனுக்கு இல்லை என்பது அறிக்கையின் முறைப்பாடு. 1966இல் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன் பயனாக, போக்குவரத்துத் திணைக்களம் வைத்தியப் பாடம் வகுக்கும் விந்தை நேர்ந்தது. அம்புலன்ஸ் ஊழியருக்கென 81 மணிநேரப் பயிற்சியொன்று பின்னர் நாடெங்கும் பரவியது.

ஆனாற் சட்டமும் பணமும் இருந்துவிட்டாற் போதுமா? வைத்தியர் அல்லாத ஒருவர் எவ்வளவு கற்க இயலும்? அவர் கையில் ஓர் உயிரை எவ்வளவு தூரம் நம்பி ஒப்படைக்கலாம்? இதற்கு விடை பிற்ஸ்பேர்க் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றிலிருந்து வந்தது.

ஹில் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் அப்பகுதியில் வாழ்ந்தோர் பெரும்பாலும் கறுப்பின மக்கள். நோயாளரை ஏற்றிச்செல்வது பொலீஸ் வண்டி. பொலீசார் இருவரும் முன்னே அமர்ந்திருக்க, நோயாளி பின்னே தனியே கிடப்பார். அந்நகரின் முன்னாள் நகரபிதாவும் அம்மாநில முன்னாள் ஆளுநருமான டேவிட் லோறன்ஸ் 1966 நவம்பரில் ஒரு கூட்டத்திலே சரிந்து வீழ்ந்தபோது அவருக்குக் கிடைத்ததும் அவ்வகை வண்டியே. மூன்று வாரத்துள் அவர் காலமானார். பெரியோருக்கே இக்கதியானால் ஏழைகளைப்பற்றிக் கூறவும் வேண்டுமோ!

அந்நகரிலே பீற்றர் சாபர் என்றொரு வைத்தியர் இருந்தார். ஆஸ்திரியாவிற் பிறந்தவர், மயக்கமருந்து நிபுணர். மயங்கியவரின் நாக்குப் பின்னே சரிந்து மூச்சுவழியை அடைக்கும். தலையைப் பின்புறமாகச் சாய்த்து, வாயோடு வாய் வைத்து ஊதினால் உயிர் மீளக்கூடும். இன்று பாடசாலை மாணவரும் அறிந்த இவ்வுண்மையை ஆராய்ந்து நிலைநாட்டியோருள் அவர் முதன்மையானவர். 1966இல் அவருடைய பதினொரு வயது மகள் ஆஸ்துமாவினால் இறந்தாள். எத்தனையோ பேருக்கு மூச்சளிக்கும் வழியைக் காட்டிய தந்தைக்குத் தம் மகளை மீட்க வழியில்லாது போயிற்று.

மறு ஆண்டில், பிறீடம் ஹவுஸ் என்னும் அமைப்போடு சேர்ந்து ஒரு முயற்சியில் இறங்கினார் சாபர். வேலைக்கு உதவாதவர் என ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞரே அவருடைய மாணாக்கர். சிலர் பாடசாலைப் படிப்பை முடியாதவர். சிலர் வியட்னாம் போரிலிருந்து மீண்டவர். ஏறத்தாழ 300 மணிநேரம் உடற்கூற்றியல், மூச்சுவழி திறத்தல், இருதயத்தை அழுத்தி இயக்குதல் முதலியவற்றை அவர்கள் கற்றனர். வறுமை ஒழிப்புக்கென அரசாங்கம் ஒதுக்கிய பணமும் இதற்கு உதவிற்று. சேவையின் முதல் ஆண்டில் அவர்கள் ஏறக்குறைய 5,800 அழைப்புகளுக்கு ஓடிச்சென்றனர். அவ்வண்டியிலே நோயாளி தனியே கிடக்கவில்லை.

1974இல் நான்சி கரலைன் என்னும் இளம் பெண் வைத்தியர் இச்சேவையின் பொறுப்பை ஏற்றார். வண்டியில் ஊழியரோடு தாமும் ஏறிச் சென்றவர் அவர். பாராமெடிக் எனப்படும் உயர்நிலை ஊழியருக்கான தேசியப் பாடத்திட்டத்தை வகுக்கும் பணி, போக்குவரத்துத் திணைக்களத்தின் நிதியோடு அவர்பால் வந்தது. எழுதிய பாடங்களை முதன்முதலிற் கற்று, வீதியிலே பரீட்சித்துப் பார்த்தவர்கள் பிறீடம் ஹவுஸ் ஊழியரே. 15 பகுதிகள் கொண்ட அத்திட்டம் 1977இல் வெளிவந்தது.

அது வெளிவந்தபோது பிறீடம் ஹவுஸ் இருக்கவில்லை. 1975 ஒக்டோபரில் நகராட்சி தன் சொந்தச் சேவையை ஆரம்பித்து, அதனை மூடிவிட்டது. ஊழியர் புதிய சேவையிற் சேர்க்கப்பட்டனர் என்பது உண்மை. ஆனால், அனுபவம் குறைந்த வெள்ளையரின் கீழ் அவர்களுட் பலர் அமர்த்தப்பட்டனர்; புதிய பரீட்சைகளும் குறுக்கே நின்றன. பெரும்பாலோர் சில ஆண்டுகளுள் விலகினர். நாடெங்கும் கற்பிக்கப்பட்ட பாடத்தைத் தம் கைகளால் மெய்ப்பித்தவர்களுக்கு அப்பாடத்தின் பயன் மறுக்கப்பட்டதை எம்மால் நியாயம் எனக் கொள்ள இயலவில்லை.

விலகாது நின்றவர்களுள் ஒருவர் ஜோன் மூன். வைத்தியசாலையொன்றிற் சிற்றூழியராக இருந்தபோது பிறீடம் ஹவுஸ் ஊழியர் நோயாளரோடு வந்திறங்கிய மிடுக்கைக் கண்டு அச்சேவையிற் சேர்ந்தவர் அவர். 2009இல் ஓய்வுபெற்றபோது, அந்நகர அவசர வைத்திய சேவையின் உதவித் தலைவராக இருந்தார்.