ஈஸ்ட் பாக்கெட்டுக்குள் ஒரு கைமுதல்

1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியை விட்டுப் போனது. ரொட்டிப் பழக்கம் போகவில்லை. இன்று பேக்கரிக்காரர்கள் மட்டுமல்ல, வீட்டில் பன், ரொட்டி செய்பவர்களும் மளிகைக் கடையில் உலர் ஈஸ்ட் கேட்கிறார்கள். ஒரு கோடையில் எங்களிடம் சரக்கு எடுத்த சில கடைக்காரர்கள், "மாவு உப்பவே இல்லை" என்று பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொண்டு வந்தார்கள். காலாவதித் தேதி தாண்டவில்லை. தவறு எங்களுடையதே, தகரக் கூரைக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தோம்.

ஈஸ்ட் வெறும் தூள் அல்ல, உயிருள்ள சரக்கு. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிரணுவும் நம்மைப் போலக் கைமுதல் வைத்திருக்கிறது. அது இரண்டு வகை. ஒன்று கிளைகோஜன், நம் ஈரலில் சேருவதும் இதுதான். பட்டினிக் காலத்தில் செலவுக்கு உதவும். மற்றொன்று ட்ரெஹலோஸ் என்னும் சர்க்கரை. இது உணவாக இருப்பதோடு, உடலில் நீர் வற்றும்போது உயிரணுவின் மெல்லிய தோல் கிழியாமல் காக்கிறது.

சர்க்கரை தாராளமாக உள்ளவரை ஈஸ்ட் பெருகுவதிலேயே குறியாக இருக்கும். சர்க்கரை குறையத் தொடங்கியதும் கிளைகோஜன் சேர்க்கும். தீரும் தறுவாயில் ட்ரெஹலோஸ் சேர்க்கும். தொழிற்சாலைக்காரர்கள் இந்தக் குணத்தைப் பயன்படுத்துகிறார்கள். மொலாசஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி வளர்த்து, கடைசிக் கட்டத்தில் தழைச்சத்தைக் குறைத்து விடுவார்கள். பெருக வழியின்றி ஈஸ்ட் சேமிக்கத் தொடங்கும். நல்ல உலர் ஈஸ்டில் 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேல் ட்ரெஹலோஸ் இருக்கும். அதனால்தான் உலர்த்திய பிறகும் உயிர் நிற்கிறது.

ஈரம் பட்டால் உறங்கும் ஈஸ்ட் விழித்து, உணவின்றிக் கைமுதலைத் தின்று தீர்க்கும். வெப்பம் மிகுந்தால் நாளடைவில் செத்துவிடும். பாக்கெட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. வெயில், அடுப்பு, தகரக் கூரை ஆகியவற்றிலிருந்து தள்ளி, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.

2. பழைய சரக்கை முதலில் விற்கவும். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வைக்கவும்.

3. ஈர ஈஸ்ட் கட்டியில் 100-க்கு 70 பங்கு தண்ணீர். பிரிட்ஜ் இல்லாதவர்கள் வாங்கவே வேண்டாம்.

4. சந்தேகம் வந்தால் அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் ஒரு ஸ்பூன் ஈஸ்டும் கலந்து பார்க்கவும். 10 நிமிடத்தில் நுரை பொங்கினால் சரக்கு உயிரோடு உள்ளது. பொங்காவிட்டால் விற்க வேண்டாம்.

பாக்கெட்டின் நஷ்டம் சில ரூபாய்தான். மாவு உப்பாத வாடிக்கையாளர் மறுமுறை வேறு கடைக்குப் போய்விடுவார்.