உங்களுக்குத் தெரியுமா? மலேரியா மாத்திரைக்கும் கொஞ்சம் பால் துணை வேண்டும்

1972இல் சீனாவின் து யூயூ குழுவினர் மாசிபத்திரி இனச் செடி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த ஆர்டெமிசினின், மலேரியாக் கிருமியை வேகமாக ஒடுக்கியது. ஆனால் தண்ணீரிலும் எண்ணெயிலும் சரியாகக் கரையவில்லை. வேதியியலாளர்கள் மூலக்கூறின் ஓர் ஓரத்தை மட்டும் மாற்றினார்கள். எண்ணெயில் கரையும் ஆர்டெமீதர் கிடைத்தது. நரம்பில் ஊசியாக ஏற்றக்கூடிய ஆர்டெசுனேட்டும் கிடைத்தது. கடும் மலேரியாவில் இன்று உயிர்காக்கும் முதல் மருந்து இதுதான்.

ஆர்டெமீதருடன் சேர்த்துத் தரப்படும் லுமிஃபான்ட்ரின் இன்னும் பிடிவாதக்காரன். வெறும் வயிற்றில் விழுங்கினால் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமலே போகும். கொழுப்பு மிகுந்த உணவோடு உட்கொண்டாலோ சுமார் 16 மடங்கு வரை கூடுதலாகச் சேரும்! காய்ச்சலில் சோறே இறங்காத குழந்தை என்ன செய்யும்? சுமார் 36 மி.லி. சோயாப் பாலில் உள்ள 1.2 கிராம் கொழுப்பே ஏறக்குறைய போதும் என ஓர் ஆய்வு காட்டியது பெரிய ஆறுதல். 2009இல், விழுங்கத் தெரியாத குழந்தைகளுக்காக, தண்ணீரில் போட்டதும் கலைந்துவிடும் செர்ரிச் சுவை மாத்திரை வந்தது. இப்போது லுமிஃபான்ட்ரினையே நன்றாகக் கரையும் புதிய வடிவில் தயாரித்து, கனாப்லாசைடு என்ற புது மருந்துடன் இணைத்து, நாளுக்கு ஒரு வேளை தந்து சோதித்திருக்கிறார்கள்.