நொண்டிய குதிரையை எப்போது நடக்கவிடலாம்? சந்தேகங்களும் விளக்கங்களும்

குதிரை நொண்டுகிறது என்றால் போதும், "கையில் பிடித்து நாலு தெரு நடக்கவிடு, சரியாகிவிடும்" என்று சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சில நொண்டல்களுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் லேமினைடிஸ் எனப்படும் குளம்பு அழற்சி வந்த குதிரைக்கு இதைவிடக் கெடுதலான யோசனை கிடையாது. அதே நோயிலிருந்து தேறிவரும் குதிரைக்கோ அளவான நடை மருந்து மாதிரி. ஒரே செயல் இந்த வாரம் விஷம், சில வாரம் கழித்து மருந்து என்பதால்தான் குழப்பம். மெரினாவில் சவாரிக் குதிரை வைத்திருப்பவருக்கும், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மட்டக்குதிரை ஓட்டுபவருக்கும், அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் ஆசையாக ஒன்றை வாங்கித் தோட்டத்தில் கட்டியிருப்பவருக்கும் எழக்கூடிய சந்தேகங்கள் இவை.

லேமினைடிஸ் என்றால் கால் வீக்கமா?

வெளியே பார்த்தால் வீக்கமே தெரியாது. சிக்கலே அதுதான். நம் விரல் நகம் சதையோடு ஒட்டியிருப்பதுபோல, குதிரையின் குளம்பு உள்ளேயிருக்கும் எலும்போடு ஒட்டியிருக்கிறது. அந்த ஒட்டு, புத்தகத்தின் தாள்கள் போன்ற மெல்லிய மடிப்புகளால் ஆனது. ஒரு குளம்புக்குள் சுமார் 550 முதல் 600 மடிப்புகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இன்னும் நுண்ணிய மடிப்புகள் நூற்றுக்கும் மேல். குளம்புச் சுவரின் உள்பக்கத்து மடிப்பும் எலும்பைச் சுற்றிய திசுவின் மடிப்பும் இரு கை விரல்களைக் கோத்ததுபோலக் கோத்துக்கொண்டிருக்கும். குதிரையின் எடை முழுவதும் இந்தக் கோப்பில்தான் தொங்குகிறது. 450 கிலோ குதிரை என்றால் அதில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது. நோய் பெரும்பாலும் முன்னங்கால்களில் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

அழற்சி வந்தால் கோப்பு தளர்கிறது. காலின் பின்பக்கத்துத் தசைநாண் எலும்பைப் பின்னோக்கி இழுக்கிறது. மேலிருந்து எடை அழுத்துகிறது. எலும்பு தன் இடத்திலிருந்து சாய்கிறது, சில சமயம் கீழே இறங்கியே விடுகிறது. உள்ளே வீங்க இடமில்லாத கெட்டியான பெட்டிக்குள் இத்தனையும் நடப்பதால் வலி கடுமையாக இருக்கும். முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னங்கால்களுக்குத் தள்ளி, குதிரை பின்னோக்கிச் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் நடையைப் பற்றிப் பேசும் நேரமல்ல அது. உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

நடந்தால் ரத்த ஓட்டம் கூடும் என்கிறார்களே?

கூடும். ஆனால் தையல் பிரிந்துகொண்டிருக்கும் மூட்டையைத் தூக்கிக் குலுக்கினால் என்ன ஆகும்? நோய் தீவிரமாக இருக்கும் நாட்களில் ஒவ்வோர் அடியும் மிச்சமிருக்கும் மடிப்புகளைக் கிழிக்கிறது. அந்தக் கட்டத்தில் தேவை ஓய்வு, தடிமனாகப் பரப்பிய வைக்கோல் அல்லது மணல் படுக்கை, உள்ளங்குளம்புக்கு மெத்தென்ற தாங்கல்.

நொண்டும் குதிரையை ஆற்றில் இறக்கி நிற்கவைக்கும் பழைய வழக்கத்தில் ஒரு பாதி சரி. குளிர்ச்சி உதவும். குளம்பையும் அதற்கு மேலுள்ள பகுதியையும் பனிக்கட்டி நீரில் விடாமல் 2, 3 நாட்கள் வைத்திருப்பது, குறிப்பாக வயிற்றுக் கோளாறாலோ தானியத்தை அளவு மீறித் தின்றதாலோ நோய் வரும் அபாயம் இருக்கும்போது, இன்று மருத்துவர்களே சொல்லும் சிகிச்சை. ஆற்றுக்கு அடித்து ஓட்டிச் செல்வதுதான் தவறு.

அப்படியானால் நடையை எப்போது தொடங்குவது?

நாட்காட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. குளம்புதான் சொல்ல வேண்டும். குதிரை நிற்கும்போது கால் மாற்றி மாற்றி வைக்காமல் இருக்கிறதா? லாயத்துக்குள் தானாகவே இயல்பாக நடமாடுகிறதா? எந்தக் காலைத் தூக்கினாலும் மறுக்காமல் தருகிறதா? குளம்பில் சூடு தணிந்து, காலின் நாடி அடங்கியிருக்கிறதா? எக்ஸ்ரேயில் எலும்பு மேற்கொண்டு நகரவில்லை என்று மருத்துவர் உறுதி சொன்னாரா? இத்தனைக்கும் ஆம் என்றால் பேசலாம்.

இதில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு: வலி மருந்து. ஃபீனைல்பியூட்டசோன் போன்ற மருந்து உள்ளே இருக்கும்வரை குதிரை நன்றாக நடப்பதுபோலத்தான் தெரியும். வலிதான் அதைப் பிடித்து நிறுத்தும் கடிவாளம். மருந்து அந்தக் கடிவாளத்தைக் கழற்றிவிடுகிறது. மருத்துவர் சொன்னபடி மருந்தைக் குறைத்து நிறுத்தி, அதன் பிறகும் சில நாட்கள் குதிரை சுகமாக இருக்கிறதா என்று பார்த்த பின்பே நடை. "மருந்து கொடுத்துவிட்டு நடக்கவிட்டேன், நன்றாகத்தான் நடந்தது" என்பது கணக்கில் சேராது.

முதல் சில வாரங்களுக்கு எப்படித் திட்டமிடுவது?

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 5 நிமிடம். இவ்வளவுதான் தொடக்கம். சேணம் இல்லை, ஆள் ஏறுவதில்லை, வண்டி இல்லை. கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, குதிரை தன் வேகத்தில் நேர்கோட்டில் நடக்க வேண்டும். நீங்கள் கூடவே போகிறீர்கள், அவ்வளவுதான். ஒரு வாரம் எந்தத் தொல்லையும் இல்லையென்றால் வேளைக்கு இன்னொரு 5 நிமிடம் கூட்டலாம். இப்படி வாரத்துக்கு ஒரு படி. நடையின் நேரத்தைக் கூட்டும் வாரத்தில் தரையை மாற்றாதீர்கள். தரையை மாற்றும் வாரத்தில் நேரத்தைக் கூட்டாதீர்கள். எதனால் கெட்டது என்று பிறகு கண்டுபிடிக்க இந்த ஒழுங்கு உதவும். நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைப் பொறுத்து உங்கள் மருத்துவர் இதைவிட மெதுவாகவும் போகச் சொல்லலாம். அவர் சொல்வதே கணக்கு.

திருப்பம்தான் எதிரி. நேராக நடக்கும்போது வலிக்காத குளம்பு, சட்டென்று திரும்பும்போது வலிக்கும். மடிப்புகள் முறுக்கப்படுவதே காரணம். தெரு முனையில் கயிற்றை வெடுக்கென்று இழுத்துத் திருப்பாமல், லாரி திரும்புவதுபோல அகலமாக வளைத்துக் கொண்டுவாருங்கள். நடக்கும் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போதே திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

தரை சமமாக, சற்று மெத்தென்று இருக்க வேண்டும். இறுகிய மண்பாதை, அடர்ந்த புல்தரை பரவாயில்லை. தார்ச்சாலை, சிமெண்டுத் தளம், ஜல்லி பரப்பிய இடம் ஆகாது. நோயால் உள்ளங்குளம்பு மெலிந்திருக்கும் என்பதால் ஒரு சிறு கல் குத்தினாலும் பின்னடைவுதான். மெத்தை வைத்த குளம்புக் காலணி கிடைத்தால் இந்த நாட்களில் நல்ல துணை. நேரம், நம் ஊர் வெயிலுக்கு, பொழுது விடிவதற்குச் சற்று முன்பும் பொழுது சாய்ந்த பின்பும்.

கடற்கரை மணல் மெத்தென்றுதானே இருக்கிறது?

நிற்க நல்லது, நடக்க அவ்வளவு நல்லதல்ல. ஆழமான உலர் மணலில் ஒவ்வோர் அடியையும் உருவி எடுக்க வேண்டியிருப்பதால் தசைநாண்களுக்கு வேலை கூடுகிறது. குளம்பெலும்பை இழுப்பதும் அதே தசைநாண்தான் என்பதை மறக்க வேண்டாம். அலை வந்து போன ஈர மணல் இறுகிச் சமமாக இருக்கும் இடம் தேவலாம். ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் போனால் ஒரு பக்கத்துக் கால்களே அதிகம் தாங்கும். சரிவு குறைந்த இடமாகப் பாருங்கள்.

நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக ஓட்டலாமா?

இப்போது கூடாது. வட்டம் என்பது முடிவில்லாத திருப்பம்.

அளவு மீறிவிட்டது என்று எப்படித் தெரியும்?

குதிரையின் காலில் நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் பின்புறம், உள்ளும் வெளியுமாக இரண்டு ஓரங்களிலும் விரலை மெதுவாக வைத்தால் நாடி தட்டுப்படும். சுகமான குதிரைக்கு அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். அழற்சி இருந்தால் விரலை முட்டும் அளவுக்குத் துடிக்கும். நடைக்கு முன், நடைக்குப் பின், மறுநாள் காலை என மூன்று முறை பாருங்கள். மறுநாள் காலைதான் முக்கியம். முந்தைய நாள் செய்த தவறு பெரும்பாலும் அப்போதுதான் வெளியே வரும்.

நாடி துடிக்கிறது, குளம்பு சுடுகிறது, நடை குட்டையாகிக் கட்டையாக இருக்கிறது, கால் மாற்றி நிற்கிறது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நடையை நிறுத்தி மருத்துவரிடம் பேசுங்கள். ஒரு பள்ளி நோட்டில் தேதி, நிமிடம், தரை, நாடி என்று தினமும் நாலு சொல் எழுதிவைத்தால் அவருக்குப் பேருதவி. சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது இந்த விவரம்தான்.

சீசன் வருகிறது. எப்போது சவாரிக்கு விடலாம்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வருமானம் இருக்கிறது என்பது தெரியாமலில்லை. ஆனாலும் விடை மாறாது. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. மேல்விளிம்பில் முளைக்கும் புதுக் குளம்பு முன்நுனியில் தரையைத் தொட 9 முதல் 12 மாதம் ஆகும். நோய்க்குப் பின் வளர்ந்த பகுதிதான் எலும்போடு உறுதியாக ஒட்டியிருக்கிறது. கீழே இருப்பது பழைய, தளர்ந்த ஒட்டு. புதுக் குளம்பு பாதித் தூரமாவது இறங்கட்டும், மருந்தில்லாமல் துள்ளோட்டத்திலும் குதிரை நொண்டாமல் இருக்கட்டும், புது எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர் சம்மதிக்கட்டும். அதன் பிறகு எடை குறைந்த ஒருவர், சில நிமிடங்கள். மார்ச்சில் நோய் வந்த குதிரையை மே மாதச் சீசனுக்கு எதிர்பார்ப்பது நடக்காத கணக்கு. நோயுற்ற, வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

இடையில் ஒரு தகவல். குளம்பின் மேல் வளையம் வளையமாகக் கோடுகள் தெரிந்து, அவை முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் விலகியும் போனால், அந்தக் குதிரைக்கு முன்பு லேமினைடிஸ் வந்திருக்க வாய்ப்பு அதிகம். சந்தையில் பல்லைப் பிடித்து வயது பார்ப்பவர்கள் குனிந்து இதையும் பார்க்கலாம்.

கொள்ளு கொடுத்தால் சீக்கிரம் தெம்பு வருமே?

நடைத் திட்டம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதைக் கெடுத்துவிடும் இடம் தீவனத் தொட்டிதான். மடிப்புகளைத் தளர்த்தும் காரணங்களில் இன்று முதலிடத்தில் வைத்துப் பேசப்படுவது ரத்தத்தில் இன்சுலின் அளவு கூடுவது. சர்க்கரையும் மாவுச்சத்தும் அதைத் தூண்டுகின்றன. ஆகவே இப்படிப்பட்ட குதிரைக்கு அவித்த கொள்ளு, ஓட்ஸ், தவிட்டுக் கஞ்சி, சவாரிக்கு வருபவர்கள் அன்பாக நீட்டும் வெல்லம், ரொட்டி, பிஸ்கட் எதுவும் வேண்டாம். காய்ந்த புல்தான் முதன்மை உணவு. அதையும் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரை ஓரளவு குறையும். கழுத்தின் மேல்புறம் கொழுப்பு மேடிட்ட மட்டக்குதிரையைப் பார்த்து "நல்லா வளர்ந்திருக்கு" என்று மெச்சுகிறோமே, அபாயம் அதிகமுள்ள குதிரை அதுதான்.

அதற்காகப் பட்டினி போட்டுவிடாதீர்கள். மட்டக்குதிரையும் கழுதையும் திடீர்ப் பட்டினியில் கிடந்தால் கொழுப்பு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். எடையைக் குறைக்க வேண்டிய குதிரைக்கும் உடல் எடையில் சுமார் 1.5 சதவீதம் உலர் தீவனம் தினமும் வேண்டும். 300 கிலோ மட்டக்குதிரைக்கு நாலரைக் கிலோ.

காசு உள்ளவர்களின் குதிரைக்கு இது வராதோ?

அமெரிக்காவின் செக்ரடேரியட் 1973இல் அந்நாட்டின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற குதிரை. கடைசிப் பந்தயத்தில் 31 குதிரை நீளம் முந்தி வந்தது. 1989இல் லேமினைடிஸ் முற்றியதால் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். 2006 கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோவுக்குப் பின்னங்கால் முறிந்தது. சிகிச்சைக் காலத்தில் மற்றக் கால்களில் லேமினைடிஸ் வந்து, 2007 ஜனவரியில் அதற்கும் அதே முடிவு. ஒரு கால் அடிபட்டு மற்றதில் நாள்கணக்கில் எடையைத் தாங்கி நிற்கும் குதிரைக்கும் இந்நோய் வரும் என்பதை லாயத்தில் இருப்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

லாடத்தை என்ன செய்வது?

4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். நுனியை நீளவிட்டால் ஒவ்வோர் அடியிலும் அது நெம்புகோலாகி மடிப்புகளை இழுக்கும். லாடம் அடிப்பவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சீவட்டும். மருத்துவரும் அவரும் ஒருமுறையாவது ஒன்றாக நின்று அந்தக் காலைப் பார்த்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சீவியதற்கு மறுநாள் நடையைக் கூட்டாதீர்கள்.

முழுதும் தேறிய பிறகு உடற்பயிற்சி தேவையா?

அப்போதுதான் மிகவும் தேவை. உடலுழைப்பு இன்சுலினைக் கட்டுக்குள் வைக்கிறது, கொழுப்பைக் கரைக்கிறது. ஐரோப்பிய குதிரை மருத்துவ வல்லுநர்கள் 2019இல் வெளியிட்ட பரிந்துரையில், நோய் தேறிக் குளம்பு நிலைப்பட்ட குதிரைக்கு மெத்தென்ற தரையில், ஆள் ஏறாமல், வேகத் துள்ளோட்டமோ மெதுவான பாய்ச்சலோ 30 நிமிடத்துக்கு மேல், வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் என்று சொல்லியிருக்கிறார்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 150 வரை ஏறலாம். ஓய்வில் அது 28 முதல் 44 வரைதான் இருக்கும். இது போய்ச் சேர வேண்டிய இடம். ஐந்து நிமிட நடையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே தொடங்கிவிட வேண்டாம்.

பாதி வழியில் நின்றுவிட்டது, நகர மறுக்கிறது. இழுக்கலாமா?

இழுக்காதீர்கள், தட்டாதீர்கள். கயிற்றைத் தளர்த்திவிட்டுக் கூடவே நில்லுங்கள். சற்று நேரத்தில் தானாக அடி எடுத்துவைத்தால் மெதுவாகத் திருப்பி வீட்டுப் பக்கம் கூட்டிவாருங்கள். எடுத்துவைக்காவிட்டால் அங்கேயே நிறுத்தி, நாடியைப் பார்த்து, மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். எந்த இடத்தில், எத்தனையாவது நிமிடத்தில் நின்றது என்று நோட்டில் எழுத மறக்க வேண்டாம்.