கறுப்புத் துணியைக் கறுப்பு-வெள்ளையில் காட்டுவது எப்படி? யோஜி யமமோட்டோவின் படங்கள் பற்றி ஒரு குறிப்பு

முதலில் ஒரு சின்ன சோதனை. உங்ககிட்ட இருக்கிற கறுப்புச் சட்டை ஒன்றைச் சுவரில் மாட்டி, படம் முழுக்க அது மட்டும் வரும்படி போனில் எடுத்துப் பாருங்க. பெரும்பாலும் சட்டை சாம்பல் நிறமாகத்தான் வரும். ஏன்னா கேமராவின் ஒளி அளக்கும் கருவிக்குக் கறுப்பு, வெள்ளை என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தர சாம்பல் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடும். சரி, அதே சட்டையைப் போட்டுக்கொண்டு முகம் தெளிவாக வரும்படி எடுத்தால்? முகம் வரும். சட்டை இருக்கும் இடத்தில் ஒரு இருட்டுப் பள்ளம்தான் மிஞ்சும். தையலும் தெரியாது, மடிப்பும் தெரியாது.

அப்படியிருக்க, பெரும்பாலும் கறுப்பிலேயே தைக்கிற ஒருவரின் உடைகளைக் கறுப்பு-வெள்ளைப் படமாக எடுப்பது வம்பை விலை கொடுத்து வாங்குவது மாதிரிதான். ஆனால் 1980களில் அதைச் செய்தார்கள். ஃபேஷன் புகைப்படம் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தப் படங்களை எடுத்து வைத்துத்தான் பேசுகிறார்கள். அது எப்படி நடந்தது என்று பார்க்கலாம்.

யோஜி யமமோட்டோ 1943ல் டோக்கியோவில் பிறந்தவர். அப்பா போரில் இறந்துபோனார். அம்மா ஷின்ஜுகு பகுதியில் தையல் கடை நடத்தி மகனை வளர்த்தார். மகன் கெய்யோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு, அந்தப் பக்கமே போகாமல் அம்மாவின் கடைக்குத் திரும்பினார். பிறகு புன்கா ஃபேஷன் கல்லூரியில் தையலை முறையாகக் கற்றார். 1981ல் பாரிஸில் தன் உடைகளைக் காட்டினார். 'கோம் தே கார்சோன்' நிறுவனத்தின் ரெய் கவாகுபோவும் அதே வருடம்தான் பாரிஸ் வந்தார்.

அப்போதைய பாரிஸ் என்றால் பளிச்சென்ற நிறம், அகலத் தோள், உடம்பை இறுக்கிப் பிடிக்கும் வெட்டு. இவர்கள் கொண்டுவந்ததோ தொளதொளவென்ற கறுப்பு, மேலும் கீழுமாக ஏறி இறங்கும் ஓரம், மடித்துத் தைக்காத விளிம்பு. சிலர் ரசித்தார்கள். ஹிரோஷிமாவை இழுத்து வைத்து ஏளனம் செய்தவர்களும் உண்டு. அந்தப் போரில் அப்பாவை இழந்தவரின் உடையைப் பார்த்துச் சொன்ன சொல் அது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

உண்மையில் யமமோட்டோ எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? இதற்கு ஒரு நல்ல தடயம் இருக்கிறது. விம் வெண்டர்ஸ் 1989ல் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். அதில் யமமோட்டோ ஜெர்மன் புகைப்படக்காரர் ஆகஸ்ட் சாண்டரின் படப் புத்தகத்தைப் புரட்டியபடி பேசுவார். சாண்டர் (1876-1964) விவசாயி, கொத்து வேலைக்காரர், கேக் செய்பவர், வக்கீல் என்று தன் காலத்து மனிதர்களை வரிசையாக எடுத்தவர். எல்லாம் கறுப்பு-வெள்ளை. 1914ல் எடுத்த ஒரு படத்தில் மூன்று இளம் விவசாயிகள் கறுப்புக் கோட்டும் தொப்பியும் கைத்தடியுமாக ஆட்டவிழாவுக்குப் போகும் வழியில் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு உடை என்பது சீசனுக்கு ஒருமுறை மாறுகிற விஷயம் இல்லை, வாழ்க்கையோடு ஒட்டியது. யமமோட்டோவைக் கவர்ந்தது அதுதான். முகத்தையும் உடையையும் பார்த்தாலே ஆள் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லிவிடலாம்.

அதாவது, இந்த உடைகள் கேமரா முன்னால் போவதற்கு முன்பே அவற்றுக்குள் பழைய கறுப்பு-வெள்ளைப் படங்கள் இருந்தன. சாவு வீட்டு உடை என்று பார்த்தவர்கள் தவறவிட்டது இதைத்தான்.

இப்போது புகைப்படத்துக்கு வருவோம். லண்டன்காரர் நிக் நைட், 1985ல் 'ஐ-டி' பத்திரிகைக்காக நூறு பேரைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்தார். அதைப் பார்த்து, யமமோட்டோவின் கலை இயக்குநர் மார்க் அஸ்கோலி அவரைக் கூப்பிட்டார். ஜாய் டிவிஷன் இசைத்தட்டு அட்டைகளை வடிவமைத்த பீட்டர் சாவில் பக்கங்களை வடிவமைத்தார். 1986 முதல் இப்படி வந்த கேட்டலாக்குகள் விசித்திரமானவை. பொத்தான் தெரியாது, பை தெரியாது. வாங்க வருகிறவருக்கு 'துணியை எங்கப்பா?' என்றுதான் தோன்றும்.

நைட் செய்தது என்னன்னா, அந்த இருட்டுப் பள்ளத்தோடு சண்டை போடவில்லை. பின்னணிக்கு வெளிச்சம் கொடுத்து, உடையை நிழலுருவாகவே விட்டுவிட்டார். உள்ளே ஒன்றும் தெரியாதபோது கண் தானாக ஓரத்துக்குப் போகும். தோள் எங்கே விழுகிறது, முதுகில் எங்கே காற்று நிற்கிறது, இடுப்பு எங்கே காணாமல் போகிறது என்று வெட்டு மட்டும் கண்ணில் நிற்கும். ரொம்பப் பிரபலமான படத்தில் ஒரு பெண் பக்கவாட்டில் குனிந்து நிற்கிறார். கோட்டு முழுக்க மை ஊற்றியது போலக் கறுப்பு. பின்பக்கம் மட்டும் சிவப்பு வலைத்துணி வெடித்துக் கிளம்புகிறது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்கள் பாவாடையின் பின்புறத்தைத் தூக்கிக் கட்டிய பாணி அது. மற்றதெல்லாம் கறுப்பு-வெள்ளையாக இருப்பதால்தான் அந்தச் சிவப்பு அப்படி அடிக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. ரெய் கவாகுபோவின் உடைகளை 1980களில் பீட்டர் லிண்ட்பெர்க் எடுத்தார். உருக்காலைகள் நிறைந்த டூயிஸ்பர்க்கில் வளர்ந்தவர். பெரிய இயந்திரங்களுக்கு நடுவே பெண்களை நிறுத்தினார். இங்கே சாம்பலின் எல்லாப் படிகளும் இருக்கின்றன, துணியும் இரும்பும் ஒரே உலகத்துப் பொருட்களாகத் தெரிகின்றன. நைட் வெட்டைக் காட்டினார், லிண்ட்பெர்க் துணிக்கு ஒரு ஊரைக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

இதில் இழப்பும் உண்டு. யமமோட்டோவுக்குப் பிடித்த துணி கபர்டின், நெருக்கமாக நெய்த சாய்கோட்டு நெசவு. நிழலுருவில் அந்த நெசவு முழுக்கப் போய்விடும். அதைக் கையில் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஏளனம் செய்தவர்கள் நின்று பார்க்காத ஒன்றை இந்தப் படங்கள் பார்க்க வைத்தன: அந்த உடைகளில் இருந்த கைவேலையை.

முதலில் சொன்ன சட்டையை இப்போது திரும்ப எடுங்க. ஜன்னல் பக்கமாக, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும்படி மாட்டுங்க. போன் திரையைத் தொட்டு, சாம்பல் மறைந்து கறுப்பு திரும்பும் வரை வெளிச்சத்தைக் குறைங்க. மடிப்பு ஒவ்வொன்றாக மேலே வரும்.